ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய லாரி

விருத்தாசலத்துக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் இரண்டு உத்தரவுகள் பிறந்தன. ஒன்று, பழமலைநாதரைத் தரிசித்து விபூதிப் பிரசாதம் கொண்டு வர வேண்டும். மற்றொன்று, எலுமிச்சங்காய் ஊறுகாய் போட ஒரு பீங்கான் ஜாடி. "போன தடவை மாதிரி ஒரு மாதத்தில் விரிசல் விடுகிற ஜாடியாக இருக்கக் கூடாது" என்று இரண்டாவது உத்தரவோடு ஓர் எச்சரிக்கையும் ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்போது கார்த்திகை தீபத்துக்கு நாலு நாள்தான் பாக்கி. ஜங்ஷனில் இறங்கிய நான் நேரே கோயிலுக்குப் போனேன்.

விருத்தாசலம் என்றால் பழைய மலை என்று அர்த்தம். திருமுதுகுன்றம் என்ற தமிழ்ப் பெயருக்கும் அதுவே பொருள். ஊரெங்கும் சுற்றினாலும் கண்ணுக்கு மலை அகப்படாது என்பது வேறு விஷயம்! மலைக்குப் பதிலாக மணிமுத்தாறு இருக்கிறது. இறைவன் கொடுத்த பன்னிரண்டாயிரம் பொன்னைச் சுந்தரமூர்த்தி நாயனார் இந்த ஆற்றிலே போட்டுவிட்டுத் திருவாரூருக்குப் போய்க் கமலாலயக் குளத்திலே தேடி எடுத்தார் என்பது தல புராணம். அந்தப் பொன்னை மாற்று உரைத்துப் பார்த்த பிள்ளையார் இன்றும் திருவாரூரில் இருக்கிறார்.

சுந்தரருக்கு ஈசன் துணை இருந்தது. குளத்தில் தேடியதும் பொன் கிடைத்தது. நம்மைப் போன்றவர்கள் ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடினால் என்ன ஆகும்? அன்று பிற்பகலே அதைக் கண்ணால் பார்க்கப் போகிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

*

தரிசனம் முடிந்ததும் பீங்கான் தொழிற்கூடங்களைத் தேடிப் போனேன். பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே இந்த ஊரில் ஓர் அரசு கல்வி நிலையம் உண்டு. சிறிய தொழிற்கூடங்களோ பல. பக்கத்து நெய்வேலியில் 1956-ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் பழுப்பு நிலக்கரி வெட்டி எடுக்கிறது. அந்த நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண் அடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் இருக்கிறது. மண் அங்கே இருந்ததால் கலை இங்கே வளர்ந்தது எனலாம். நம் வீட்டு மின்சாரப் பெட்டியிலே ஃபியூஸ் கம்பியைத் தாங்குகிற வெள்ளைக் கட்டை இருக்கிறதே, அது முதல் பிள்ளையார் பொம்மை, அகல் விளக்கு வரை இங்கே உருவாகின்றன.

நான் நுழைந்த கூடம் சிறியது. பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். வெள்ளைக் களிமண், கண்ணாடிக் கல், ஃபெல்ஸ்பார் என்ற கல், மூன்றையும் பொடியாக்கி நீரில் கரைத்தால் தோசை மாவு பதத்தில் ஒரு குழம்பு வருகிறது. அதைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் மண் படிந்து பாத்திரமாக நிற்கிறது. பிறகு காய்ச்சல், சூளை, மேற்பூச்சு, மறுபடி சூளை. நல்ல பீங்கானுக்கு 1,200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலே சூடு வேண்டும்.

மூலையில் ஓர் அம்மாள் உட்கார்ந்து, வெந்து வந்த அகல்களை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டிக்கொண்டிருந்தார். 'டிங்' என்றால் வலது பக்கம். 'டொக்' என்றால் இடது பக்கம், குப்பைக் கூடை.

"சூளையிலே சூடு அதிகமாகிப் போனால் விரிசல் விடுமோ?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எல்லாரும் சூளையைத்தான் திட்டுவாங்க சார். விரிசல் தெரியறது சூளையிலே. ஆனா பொறக்கறது அங்கே இல்லே. ஈரமா இருக்கறப்போ ஒரு பக்கம் காத்து பட்டு, ஒரு பக்கம் படாம காய்ஞ்சிருக்கும். அப்பவே உள்ளுக்குள்ளே விட்டுப் போயிருக்கும். நெருப்பு அதை வெளியிலே காட்டிக் கொடுக்குது, அவ்வளவுதான்."

நான் இதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி முடிப்பதற்குள் வாசலில் கூச்சல் கேட்டது.

*

வாசலில் ஒரு லாரி நின்றது. காலையில் பொடி மண் மூட்டைகளை இறக்க வந்த வண்டி அது. மூட்டை இறக்கிய தூசியில் சக்கரம், அச்சு, அடிச்சட்டம் எல்லாம் வெள்ளை வெளேரென்று மாவு பூசினாற்போல் இருந்தன. இறக்கியானதும் அதே வண்டியில் அகல் விளக்குப் பெட்டிகளை ஏற்றிவிட்டார்கள். இரவே புறப்பட்டு விடிவதற்குள் சென்னைக் கடைகளில் சேர்க்க வேண்டிய சரக்கு. கார்த்திகை போன பிறகு அகல் விளக்கை யார் வாங்குவார்கள்?

ஆனால் லாரி நகர மறுத்தது. இயந்திரம் நன்றாக உறுமியது. ஓட்டுநர் கியர் குமிழைத் திருப்பினார். எதிரே இருந்த சின்னத் திரையில் 'என்' என்ற எழுத்து மினுக்கியதே தவிர, கியர் விழவில்லை.

ஓட்டுநர்தான் சொந்தக்காரரும். மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அவருடைய மனைவி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் தெரிந்தது. சங்கிலி எங்கே போயிற்று என்பது பிறகு பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது: லாரிக்கு முன்பணம் கட்டுவதற்காக அடகுக் கடைக்குப் போனது இன்னும் திரும்பவில்லை.

ஒரு மெக்கானிக் வந்தார். திரையில் விழுந்த பிழை எண்ணைப் படித்தார். "கியர் விழலேன்னு காட்டுது பாருங்க. கியர் பாக்ஸ் போச்சு. கழட்டி இறக்கணும். இது ஆட்டோமேட்டிக் ஆச்சே, இங்கே பிரிக்க முடியாது. ரெண்டு மூணு லட்சம் கையிலே வச்சுக்குங்க" என்றார்.

அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"பின்னாலே இன்னொரு வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போயிடலாமே" என்று யாரோ யோசனை சொன்னார்கள். ஓட்டுநர் சட்டென்று மறுத்தார். "வேணாங்க. சக்கரம் தரையிலே உருள, கியர் பெட்டியோட சேர்த்து இழுத்தா நல்லா இருக்கற பல்லும் தேய்ஞ்சு போகும். நடுத் தண்டைக் கழட்டாம இழுக்கக் கூடாது" என்றார். இந்த ஒரு வார்த்தையிலேயே அவர் நிதானம் தெரிந்தவர் என்று புரிந்தது.

*

இங்கே ஒரு நிமிஷம் நின்று, 'ஆட்டோமேட்டிக்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அதில் இரண்டு ஜாதி உண்டு.

முதல் ஜாதியைப் புரிந்துகொள்ள இரண்டு மேஜை விசிறிகளை எதிரும் புதிருமாக வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிட்டால் அதன் காற்றில் மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்தால் அதுதான் தத்துவம். ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்பவர் 1905-இல் கப்பல்களுக்காக இதை உருவாக்கினார். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் 'ஹைட்ராமாட்டிக்' என்ற பெயரில் இந்த வழியில் ஒரு தானியங்கிக் கியரைக் கார்களுக்குக் கொண்டு வந்தது. இந்த ஜாதி வண்டி மக்கர் செய்தால் முதல் வேலை எண்ணெயைப் பார்ப்பது. அளவு குறைந்திருக்கிறதா? கருத்துத் தீய்ந்த வாசனை அடிக்கிறதா? ரோஜாப் பால் போலக் கலங்கியிருக்கிறதா? கலங்கியிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது ஜாதியில் பெட்டிக்குள் இருப்பவை பழைய பல்சக்கரங்களேதான். கிளட்சை மிதிக்கிற காலும், கியர் போடுகிற கையும் மட்டும் மாறிவிட்டன. ஒரு சிறு கணினி உத்தரவு போடுகிறது. பல லாரிகளில் காற்றழுத்தம் அந்த உத்தரவை நிறைவேற்றுகிறது. சமையற்கட்டும் அடுப்பும் அப்படியே இருக்க, சமையற்காரர் மட்டும் மாறினாற்போல! நம் லாரி இந்த ஜாதி.

ஆகவே இதில் கியர் விழவில்லை என்றால், பல்சக்கரம்தான் உடைந்திருக்க வேண்டும் என்பதில்லை. சமையற்காரருக்குத் தெம்பில்லாமலும் இருக்கலாம். பாட்டரி இளைத்திருக்கலாம், ஒயர் இணைப்பில் ஈரம் புகுந்திருக்கலாம், காற்று போதாமல் இருக்கலாம். பிழை எண் வலிக்கும் இடத்தைச் சொல்லும். வியாதி எங்கே என்று எப்போதும் சொல்லாது.

*

ஓட்டுநர் பாட்டரியைப் பார்த்தார், சரியாக இருந்தது. காற்றழுத்த முள்ளைப் பார்த்தார். அதுவும் நிறையக் காட்டியது. "காத்தும் இருக்கே!" என்று தலையில் கை வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் அகல் சுண்டிக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்தார். லாரி சமாசாரம் அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் நாள் முழுவதும் வெள்ளைப் பரப்பில் ஒரு புள்ளி தேடிப் பழகிய கண்கள் அல்லவா? குனிந்து அடிச்சட்டத்தைப் பார்த்தவர், "ஏன் தம்பி, வண்டி பூரா மண்ணா இருக்கு. அந்த ஒரு இடத்தை மட்டும் யாரு துடைச்சது?" என்று கேட்டார்.

எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒரு கருப்புக் குழாய் மூட்டில் வந்து சேர்கிற இடத்தில், ஓர் அகல் அளவுக்கு வட்டமாகத் தூசியே இல்லை. யாரும் துடைக்கவில்லை. ஏதோ ஊதித் தள்ளியிருக்கிறது!

ஓட்டுநரின் முகம் மாறியது. கைப் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டுத்தான் வண்டிக்கு அடியில் தலையை நீட்டினார். "ஏய், பாத்திரம் கழுவற சோப்பைக் கரைச்சு எடுத்தா" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார். சாப்பாட்டுத் தூக்கின் மூடியிலேயே சோப்பு நீர் வந்தது. மூட்டின் மேல் தடவியதுதான் தாமதம், குழந்தைகள் ஊதுகிற குமிழி போலப் புஸ்ஸென்று நுரை பொங்கியது.

மர்மம் விடுபட்டது. இந்த மாதிரி லாரிகளில் காற்றைத் தனித்தனிப் பாதைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பாதை ஒழுகினாலும் பிரேக்குக்கு உரிய காற்று போய்விடாதபடி நடுவில் ஒரு வால்வு காக்கிறது. முள் காட்டியது பிரேக்குக் காற்றை. ஒழுகியதோ கியருக்குப் போகிற காற்று. நாங்கள் அத்தனை பேரும் ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.

ஓட்டுநர் அந்தப் பாதையின் காற்றை முழுவதும் வெளியேற்றினார். ஓர் இரும்புப் பட்டையில் உரசி உரசி நுனி தேய்ந்திருந்த பிளாஸ்டிக் குழாயைக் கூரிய கத்தியால் நேராக நறுக்கி, மறுபடி மூட்டில் அழுத்திச் செருகினார். இனி உரசாமல் இருக்க ஒரு ரப்பர்த் துண்டையும் வைத்துக் கட்டினார். இயந்திரம் ஓடிக் காற்று ஏறியது. மறுபடி சோப்பு நீர். இந்தத் தடவை நுரை இல்லை. சாவியை அணைத்துத் திருப்பிப் போட்டார். 'என்' மினுக்கவில்லை. குமிழைத் திருப்பியதும் திரையில் 'ஒன்று' விழுந்தது. லாரி ஓர் அடி முன்னே நகர்ந்தது.

யாரோ கை தட்டினார்கள். லாரிக்காரரின் மனைவி மட்டும் தட்டவில்லை. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் ஏமாற்றவில்லை. எண் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான். "நானும் முதல்லே குழாயைப் பார்த்திருக்கணும்" என்று ஒப்புக்கொண்டு, கூலி வாங்க மறுத்துவிட்டார். "இப்போ ஓடுதுன்னு விட்டுடாதீங்க. சென்னையிலே கம்ப்யூட்டர் போட்டு ஒரு தடவை முழுக்கப் பார்த்துடுங்க" என்று அவர் சொன்னதும் நியாயமான புத்திமதிதான். நிஜமாகவே பல்சக்கரம் தேய்ந்து செலவு வைக்கிற நாளும் லாரிக்கு வரத்தான் செய்யும். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன், செலவில்லாமல் பார்க்கக் கூடியவற்றையெல்லாம் பார்த்துவிட வேண்டும்.

மிக்ஸி நின்றாலும், குளிர்பதனப் பெட்டி மக்கர் செய்தாலும், "மொத்தமும் மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள், சகோதரிகளே! "இதற்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது? அந்த வழியைப் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இரவு லாரி புறப்பட்டது. மறுநாள் காலை தொழிற்கூடத்துக்குப் போன் வந்தது: சரக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஓர் அகல் கூட உடையவில்லை.

நான் ஜாடி வாங்க மறக்கவில்லை. அந்த அம்மாளிடமே கொடுத்து, "நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். அவர் நாலு ஜாடிகளைச் சுண்டிப் பார்த்து ஐந்தாவதை என் கையில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் உத்தரவு போட்டவர்களும் அதைச் சுண்டிப் பார்த்தார்கள்.

'டிங்!'