பாகூரில் ஒரு தம்பியைத் தேடி

"அண்ணே, ஒரே ஒரு கையெழுத்துண்ணே!"

யாராவது உங்களிடம் இப்படி ஆரம்பித்தால், பேனாவைக் காணோம் என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. பி.காம். படித்தவன், ஜாமீன் என்றால் என்ன என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியவன், பல்லைக் காட்டிக்கொண்டு போட்டேன். தம்பி ஐந்து மாதமாகத் தவணை கட்டவில்லை. கடிதம் எனக்கு வந்தது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பாகூர் பஸ்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோடு. கொஞ்ச நேரம் புதுச்சேரி, கொஞ்ச நேரம் தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி. எல்லைக்கு போர்டு தேட வேண்டாம், ஒயின் ஷாப்புகளை எண்ணினால் போதும்! இந்த ஒட்டுப்போட்ட மேப்புக்குக் காரணம் பழைய நவாப் சண்டை. 1749ல் ஆம்பூரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் செத்துப்போனார். ஜெயித்த சந்தா சாகிப், கூட நின்ற பிரெஞ்சுக்காரர்களுக்கு வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களைத் தூக்கிக் கொடுத்தார்.

தம்பி வீட்டில் இல்லை. அவன் அம்மா மோர் கொடுத்தார். "நெல்லு காசு வாங்கப் போயிருக்கான் தம்பி, வந்துருவான்." மோர் குடித்த வாயால் கடனைப் பற்றி எப்படிக் கேட்பது? எழுந்து ஏரிக்கரைக்குப் போய்விட்டேன்.

பாகூர் ஏரி பெரிசு. புதுச்சேரி வட்டாரத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்தது இதுதான். கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டின மட்டும் வயல். இந்த ஊர்ப் பக்கம்தான் 1752ல் இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக்கொண்டார்கள். இங்கிலீஷ் தளபதி லாரன்ஸ் ஜெயித்தார். துய்ப்ளேயின் உறவுக்காரர் கெர்ஜான் பிடிபட்டார். லாபம் யாருக்கு? செத்துப்போன அன்வருதீனின் மகன் முகமது அலிக்கு. ஆற்காட்டு நாற்காலி அவர் பக்கம் நகர்ந்தது. அப்போது அவர் பையனுக்கு நாலு வயசு.

அந்தப் பையன்தான் உம்தத்-உல்-உமரா. இந்தியர்களில் முதல் ப்ரீமேசன்!

ப்ரீமேசன் என்றால்? கொத்தனாரின் மூலைமட்டத்தையும் காம்பஸையும் அடையாளமாக வைத்துக்கொண்டு, எல்லோரும் சகோதரர்கள் என்று சத்தியம் செய்யும் சங்கம். கூடும் இடத்துக்கு லாட்ஜ் என்று பேர். (ரூம் வாடகைக்கு விடுகிற லாட்ஜ் இல்லை ஸார்!) உள்ளே மதம், அரசியல் பேசக் கூடாது. 1770களில் திருச்சி லாட்ஜில் டாக்டர் டெரன்ஸ் ககன் என்பவர் இவரைச் சேர்த்துக்கொண்டார். வெள்ளைக்காரர்கள் கூடும் சபையில் ஒரு முஸ்லிம் இளவரசர் சகோதரர் ஆனது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. லண்டன் தலைமைச் சபைக்கு ஏக குஷி. வாழ்த்துக் கடிதத்தோடு அலங்கார ஏப்ரனும் சட்டப் புத்தகமும் அனுப்பினார்கள். 1780 வாக்கில் இவர் பாரசீகத்தில் பதில் எழுதினார். இங்கிலீஷ் மேசன் என்ற பட்டத்தை மிகப் பெரிய கௌரவமாக நினைப்பதாக.

கௌரவம் ஒரு பக்கம், கணக்குப் புத்தகம் ஒரு பக்கம். முகமது அலிக்காகச் சண்டை போட்ட செலவைக் கும்பினி அவர் பேரிலேயே எழுதியது. கும்பினி ஆட்கள் தனித்தனியாக வேறு வட்டிக்குக் கொடுத்தார்கள். வட்டிக்கு அடைக்க மறுபடி கடன். ஊர் வரி வசூலே கடன்காரர்கள் கைக்குப் போனது. 1795ல் உம்தத்-உல்-உமரா நவாப் ஆனபோது அப்பாவிடமிருந்து வந்த பெரிய சொத்து இந்தக் கடன்தான்.

1799ல் திப்பு விழுந்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, "நீ திப்புவுக்கு உடந்தை" என்றது கும்பினி. 1801ல் நவாப் மரணப் படுக்கையில் கிடக்கும்போதே கும்பினிச் சிப்பாய்கள் சேப்பாக்கம் அரண்மனைக்குள் வந்துவிட்டார்கள். ஜூலை 15ல் அவர் இறந்தார். மகன் அலி உசேன் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தான். அதே மாதக் கடைசியில் இன்னொரு உறவினர் போட்டார். அவருக்கு நவாப் பட்டம், கும்பினிக்குக் கர்நாடக ராஜ்யம்.

இதையெல்லாம் நடத்திய கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி யார் தெரியுமா? 1782ல் அயர்லாந்து ப்ரீமேசன்களுக்கே கிராண்ட் மாஸ்டராக இருந்தவர். சங்கத்துக் கணக்கில் பார்த்தால் நவாப்புக்கு அண்ணன்!

எனக்குத் தொண்டை அடைத்தது. நாலு வயசில் இந்த ஊர் மண்ணில் அவருக்காக ஒரு சண்டை. ஐம்பத்து மூணு வயசில் அதற்கான பில். நடுவில் ஒரு ஏப்ரன். அந்த ஏப்ரனை அவர் உண்மையாகவே மதித்தார் என்பதுதான் மனசைப் பிசைகிறது.

"அண்ணே!"

திரும்பினேன். தம்பி. வேர்த்து விறுவிறுத்து டி.வி.எஸ். 50-ஐ நிறுத்திவிட்டு ஓடி வந்தான். முகத்தைப் பார்க்காமல் ஒரு கசங்கின கவரை நீட்டினான்.

"ரெண்டு தவணைதாண்ணே இருக்கு. மிச்சத்தை அறுவடைக்குள்ள..."

எண்ணினேன். சரியாக இருந்தது. ஐந்துக்கு இரண்டு. பாங்க்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"ஏறு, பஸ் ஸ்டாண்டுல விடு" என்றேன்.

நவாப்புக்கு இந்த ரெண்டு தவணைகூடத் திரும்பி வரவில்லை ஸார்.