நடுக்கடலில் கைகொடுக்கும் இரண்டாவது இயந்திரம்



பாடத்திட்டத்திற்கு அப்பாற்பட்ட ஒரு செய்தியை இன்று எழுத விழைகிறேன். கப்பல் பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் அத்தான், தம் சேமிப்பைக் கொண்டு 42 அடி நீளமுள்ள பழைய விசைப்படகு ஒன்றை வாங்கியுள்ளார். அக்காவுடன் லங்காவியிலிருந்து அந்தமான் தீவுகளுக்குச் செல்வது அவரது நெடுநாள் ஆசை. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் ஏறத்தாழ 500 கடல் மைல் தொலைவில் உள்ளது. மணிக்கு 7 கடல் மைல் வேகத்தில் சென்றால், மூன்று பகலும் மூன்று இரவும் ஆகும்.

“நடுவழியில் இயந்திரம் நின்றுவிட்டால் என்ன செய்வது?” என்பதே அக்காவின் கவலை. படகின் இயந்திரத்தை மாற்ற வேண்டியிருந்ததால், எதனைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தமக்குப் புரியும்படி எழுதித் தருமாறு என்னைக் கேட்டார். நான் எழுதிக் கொடுத்ததன் சாரம் இதுதான்.

முதன்மை இயந்திரம் நாள்கணக்கில் ஓயாமல் உழைக்கக்கூடிய டீசல் இயந்திரமாக இருத்தல் வேண்டும். விரைவுப் படகுக்குரிய இயந்திரம் சிறிய உருவில் பெருந்திறனைத் தரும்; ஆயினும் நெடுநேரம் முழுவிசையில் ஓடுவதற்கு அது ஏற்றதன்று. மின்னணுக் கட்டுப்பாடுள்ள புதிய வகைகள் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துகின்றன. ஆனால், அவற்றின் கணினிப் பகுதி பழுதானால் நடுக்கடலில் சீர்செய்வது அரிது. பழைய வகையோ, டீசலும் காற்றும் குளிர்நீரும் தடையின்றிக் கிடைத்தால், மின்சாரம் அற்றுப்போன பின்னரும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரே இயந்திரத்தை நம்பிப் பெருங்கடலைக் கடக்க முடியுமா? முடியும். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற கேப்டன் ராபர்ட் பீபியின் ‘பேசேஜ்மேக்கர்’ என்னும் 50 அடிப் படகு, 1963-இல் நம் சிங்கப்பூரில்தான் கட்டப்பட்டது. ஒரே டீசல் இயந்திரம் கொண்ட அப்படகு, அவ்வாண்டே இந்தியப் பெருங்கடலையும் செங்கடலையும் கடந்து கிரேக்கம் சென்றடைந்தது.

அத்தான் முதலில் இரட்டை இயந்திரங்களையே விரும்பினார். ஆனால், இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து டீசலை உறிஞ்சினால் என்னாகும்? நம் வெப்பமண்டல ஈரக்காற்றினால் தொட்டிக்குள் நீர் சேர்கிறது. அந்நீரில் நுண்ணுயிரிகள் வளர்கின்றன. அலைகள் குலுக்கும்போது அடியிலுள்ள கசடு மேலெழுந்து வடிகட்டிகளை அடைத்துவிடும். அப்போது இரண்டு இயந்திரங்களும் அடுத்தடுத்து நிற்கும். மேலும், ஒற்றைச் சுழலியை நடுவே அமைத்தால் படகின் அடிக்கட்டை அதனைக் காக்கும். பக்கவாட்டில் அமையும் இரட்டைச் சுழலிகளுக்கு அப்பாதுகாப்பு குறைவு.

ஆகவே, துணை இயந்திரத்தின் இலக்கணம் ஒன்றே: முதன்மை இயந்திரத்தோடு அது எதனையும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. தனித்தொட்டி, தனி வடிகட்டி, தனி மின்கலம், தனித்தண்டு, இதழ்கள் மடங்கும் தனிச்சுழலி ஆகியவை அதற்கு வேண்டும். மின்னாக்கியைக் கொண்டு முதன்மைத் தண்டையே சுழற்றும் முறையும் உண்டு. எனினும், மீன்வலை சிக்கிச் சுழலி நின்றுவிட்டால் அம்முறை பயன்படாது.

ஏறத்தாழ 30 குதிரைத்திறன் கொண்ட துணை இயந்திரம், அமைதியான கடலில் இத்தகைய படகை மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில் நகர்த்தும். கடும் எதிர்காற்றில் அது நம்மை முன்னே கொண்டு செல்லாமற் போகலாம். ஆயினும் படகின் முகப்பை அலைகளுக்கு நேராக நிறுத்தி வைக்கும். பெரும்பாலும் உயிரைக் காப்பது அதுவே.

இவற்றை அக்கா பொறுமையாகப் படித்தார். பிறகு, அத்தானும் நானும் எண்ணிப் பார்த்திராத ஒன்றைக் கேட்டார்: “இயந்திரத்துக்குத் துணை வைத்துவிட்டீர்கள், ஓட்டுகிறவருக்குத் துணை எங்கே? இவருக்கு நெஞ்சுவலி வந்தால் யார் ஓட்டுவது?”

அறுபது வயதைக் கடந்த இருவர் மட்டுமே செல்லும் பயணம் அது. அத்தான் பதில் கூறவில்லை. மறுவாரமே அக்காவுக்குப் பயிற்சி தொடங்கியது. ஒற்றை முதன்மை இயந்திரமும் தனித்த துணை இயந்திரமும் பொருத்தப்பட்டுவிட்டன. நெடுநாள் ஓடாத துணை இயந்திரம் தேவைப்படும் நேரத்தில் கிளம்பாது என்பதால், ஞாயிறுதோறும் அதனை அரை மணி நேரம் சுமையுடன் ஓட்டுகிறார்கள். வடிகட்டியை மாற்றவும், அதன்பின் டீசல் குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்றவும் அக்கா கற்றுக்கொண்டார். அவற்றை அத்தானின் உதவியின்றி அக்கா மூன்று முறை செய்து காட்டிய பின்னரே புறப்படுவது என்பது இருவரும் செய்துகொண்ட உடன்பாடு. இதுவரை இரண்டு முறை செய்துவிட்டார்.