டின்னின் உட்பூச்சு

பூனைத் தீனி டின் ஒன்றின் முதுகில் ‘பிபிஏ இல்லை’ என்று பொடியெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இல்லாததை இவ்வளவு பெருமையாகச் சொல்வதென்றால், ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டும். அது எப்படி உள்ளே வந்தது, யார் அளந்து பார்த்தார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கிடைத்தது 2002இல் வெளியான ஜப்பானிய ஆய்வு. காங், கோண்டோ என்ற இருவர் டின் தீனிகளைச் சோதித்திருந்தார்கள். பூனைத் தீனியில் கிராமுக்கு 13 முதல் 136 நானோகிராம், நாய்த் தீனியில் 11 முதல் 206 நானோகிராம் பிஸ்பினால் ஏ, அதாவது அந்த பிபிஏ, இருந்தது. நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்பத்தை அளக்கும்போது ஆய்வகத்தையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயிலிருந்தோ வடிகட்டியிலிருந்தோ அதே பொருள் கசிந்து கணக்கைக் கெடுத்துவிடலாம். அதனால்தான் கண்ணாடிப் பாத்திரம். அதனால்தான் தீனியே சேர்க்காத வெற்று மாதிரியையும் அதே படிகளில் ஓட்டிப் பார்ப்பது. கொழுப்பும் புரதமும் மண்டிய கூழிலிருந்து பிரித்தெடுக்கையில் எவ்வளவு வீணாகிறது என்று அறிய, எடை கூட்டிய பிஸ்பினாலைத் தெரிந்த அளவில் முதலிலேயே கலந்துவிடும் வழக்கமும் உண்டு. கடைசியில் அது எவ்வளவு மிஞ்சுகிறதோ, அதை வைத்து மற்றதைக் கணக்கிடலாம்.

சரி, வந்தது இறைச்சியிலிருந்தா? காலி டின்னை வெளிச்சத்தில் சாய்த்தால் உட்சுவரில் பொன்னிறமாகவோ வெள்ளையாகவோ ஒரு பூச்சு மினுங்கும். நகத்தால் கீறினாலும் பெயராது. உலோகத்தைத் தீனி அரிக்காமலிருக்கப் பூசிய எபாக்ஸி பிசின் அது. அதன் மூலப்பொருள்களில் ஒன்று பிஸ்பினால் ஏ. டின்னை மூடி முத்திரையிட்டு 121 டிகிரி வரை சூடேற்றும்போது, பிணையாமல் மிஞ்சியது உணவுக்குள் இறங்குகிறது. காங் குழுவின் 2003 ஆய்வில், நேரத்தைவிட வெப்பநிலையே கசிவை அதிகம் தீர்மானித்தது. உப்பும் எண்ணெயும் இருந்தால் இன்னும் கூடியது.

இன்னும் பின்னால் போனால்தான் திகைப்பு. 1891இல் ரஷ்ய வேதியியலாளர் தியானின் உருவாக்கிய இந்தச் சேர்மம், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல் செயல்படுகிறது என்று 1936இலேயே லண்டனில் டாட்ஸ் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். ஹார்மோன் மருந்து தேடியவருக்கு இதைவிட வீரியமானது வேறு கிடைத்ததால் இதைக் கைவிட்டார். டின்களின் உட்பூச்சாக அது பரவியதெல்லாம் அதற்குப் பிறகு!

பூனைகளுக்குத் தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய் 1979இல்தான் முதலில் பதிவானது. வளையம் இழுத்துத் திறக்கும் டின்களில் தீனி தின்ற பூனைகளுக்கு அந்த ஆபத்து அதிகம் என்று 2004இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பூச்சுதான் காரணம் என்று முடிவுகட்ட எனக்குத் துணிவில்லை. வீட்டுத் தூசியில் படிந்த தீத்தடுப்பு வேதிப்பொருள்களையும் பூனை நக்கித் தின்கிறதே.

மிசௌரி பல்கலைக்கழகத்தின் சோதனை இன்னும் நேரடியானது. 14 வளர்ப்பு நாய்களுக்கு இரண்டு வாரம் டின் தீனி கொடுத்தார்கள். ரத்தத்தில் பிஸ்பினால் ஏ ஏறத்தாழ மூன்று மடங்கானது. கொடுத்த இரண்டு வகைத் தீனிகளில் ஒன்று, தயாரித்தவர் பிபிஏ இல்லை என்று சொன்னது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் உணவோடு தொடர்புள்ள பொருள்களில் பிஸ்பினால் ஏவுக்குத் தடை விதித்தது. ஆனால் அங்குள்ள உணவுச் சட்டத்தின் வரையறைப்படி, விலங்குத் தீவனம் ‘உணவு’ ஆகாது.