மூன்று தேதிகள்

துப்பாக்கியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. விருத்தாசலத்தில் செராமிக் வேலையில் இருந்தவன். நெய்வேலி வெள்ளை மண், பியூஸ் கட்டை, பொம்மை, சூளைச் சூடு, இவைதான் நான் அறிந்தவை. கோப்பையைக் கண்டால் கவிழ்த்து அடி முத்திரையைப் பார்ப்பது மட்டும் ஒரு பழக்கம். மெருகுக்கு அடியில் கிடக்கும் முத்திரை கோப்பையோடு பிறந்தது. மெருகின் மேல் இருப்பதை யார் வேண்டுமானாலும் பிறகு இட்டிருக்கலாம். விரல் நகத்துக்கே வித்தியாசம் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பழக்கத்தை நம்பித்தான் அடுத்த தெரு நண்பர் ஒருவர் என்னை அழைத்துப்போனார். அவர் தகப்பனார் இறந்ததும் வீட்டிலிருந்த ரிவால்வரைச் சட்டப்படி ஒரு வியாபாரியிடம் ஒப்படைத்திருந்தார்கள். வாங்க ஒருவர் வந்திருந்தார். அவர் விலை பேசியது இரும்புக்கு அல்ல, வயதுக்கு.

அந்த வீட்டில் ஒரு கதை உண்டு. புதுச்சேரியிலிருந்து ரகசியமாக வந்த துப்பாக்கி அது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்ட பிறகு, சோதனைக்குப் பயந்து தாத்தா அதை நெல் குதிருக்குள் ஒளித்து வைத்தார். சாட்சி, குழலின் மேல் பொறித்திருந்த ‘பிப்ரவரி 6, 06’. பிடியின் அடியில் எண்ணுக்கு முன்னால் ‘வி’ என்ற ஆங்கில எழுத்து. வி என்றால் வாஞ்சி. நான் ஒரு காகிதத்தில் 1906 என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். எங்கள் ஊருக்கே பழமலை என்று பெயர். பழமையைச் சொன்னால் நம்பிவிடுகிற ஊர்.

வாஞ்சியின் கையில் இருந்தது ரிவால்வர் அல்ல, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல். ஆனால் அதனால் தாத்தாவின் கதை பொய்யாகிவிடாது. பொருளைத்தான் கேட்க வேண்டும்.

குழலில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற அமெரிக்கப் பெயர். அதிலிருந்தது காப்புரிமைத் தேதி. ஒரு யுக்தி பதிவான நாளே தவிர, அந்தத் துப்பாக்கி உருவான நாள் அல்ல. ஒரே தேதியைப் பல ஆண்டுகள் பொறித்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் இத்தகைய தேதிகளில் கடைசியானதைப் பார்க்க வேண்டும். பொருள் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. லென்ஸை வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தேன். யாரோ பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் மழுங்கிப்போன இன்னும் இரண்டு தேதிகள் மெல்லத் தெரிந்தன. 1909 செப்டம்பர் 14. 1914 டிசம்பர் 29. மணியாச்சி அங்கேயே கழன்றுவிட்டது.

மீதியை எண் சொன்னது. பிடியில் இருந்த அதே எண் தோட்டா உருளையின் பின்புறத்திலும் குழலின் அடியிலும் இருந்தது. உறுப்புகள் மாறவில்லை. அந்தக் கம்பெனியின் வரிசை எண் பத்து லட்சத்தைத் தொட்டதும், 1942இல், வி எழுத்தோடு புது வரிசை தொடங்கினார்கள். வி என்றால் விக்டரி. 1944இல் கீழே விழுந்த ஒன்று வெடித்துக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தபின், பாதுகாப்பு உறுப்பை மாற்றி, எண்ணோடு எஸ் என்ற எழுத்தையும் சேர்த்தார்கள். இதில் எஸ் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் தரப்புக்கென்று இவ்வகையில் 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

‘1942க்கும் 1944க்கும் இடையில்’ என்று எழுதிக் கொடுத்தேன். வாங்க வந்தவர் அப்புறம் வரவில்லை.

“ஒரு நம்பர்தானே சார்” என்றார் நண்பர். துப்பாக்கியில் உள்ள பெயரையோ எண்ணையோ அழிப்பதும் மாற்றுவதும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். கதையை மாற்றுவதைத் தடுக்கச் சட்டம் இல்லை. ஆள்பவனின் இடுப்புக்கென்று செய்த ஆயுதத்தை அந்த வீடு எதிர்த்தவனின் கைக்கு மாற்றிவிட்டிருந்தது. 1942இல் இந்த நாட்டில் எவ்வளவோ நடந்தது. அப்போதோ அதற்குப் பிறகோ அது யாரிடம் இருந்தது, எப்படிக் குதிருக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. 1911 அந்தக் கேள்வியை மூடிவிட்டது.

இலக்கியத்தில் நாம் செய்வதும் பெரும்பாலும் இதுதான். ஒரு உத்தி எங்கோ முதலில் பதிவான தேதியைக் கையிலிருக்கும் படைப்பின் வயதாக்கிக்கொள்கிறோம். மழுங்கிய மற்றத் தேதிகளைப் படிக்கப் பொறுமை இல்லை. படித்துச் சொல்பவன் விலையைக் கெடுத்தவனாகிறான்.

நண்பரின் தாயாரிடம் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அப்படின்னா எங்க மாமா பொய் சொன்னாரா தம்பி?”

“தேதியத் தப்பாப் படிச்சிருப்பாரும்மா.”

“அவருக்கு இங்கிலீஷ் நல்லா வருமே” என்றார்.