திண்டிவனத்துப் புல்புல்தாரா

விழுப்புரத்தில் பயின்ற நாளில், ஞாயிறுதோறும் புகைவண்டியேறித் திண்டிவனம் செல்வேன். அங்கே மிதிவண்டி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் புல்புல்தாரா வாசிப்பார். ஊரார் அதனைப் 'பேஞ்சோ' என்பர். அமெரிக்கப் பேஞ்சோவோடு அதற்குப் பெயரளவு உறவே. 1912இல் ஜப்பானின் நகோயாவில் மொரிட்டா கோரோ படைத்த தைஷோகோட்டோவே இங்கு வந்து இப்பெயர்களைப் பெற்றது. தட்டச்சுப் பொறியில்போல் இடக்கை கட்டைகளை அழுத்த, வலக்கை தந்திகளை மீட்டும்.

கட்டைகள் சுரத்தை நிறுத்துமேயன்றி வளைக்கா. கமகத்துக்கு அங்கே இடம் அரிது. பெரியவரோ அடுத்த கட்டையை இமைப்பொழுது தொட்டு மீண்டு, குரலின் அசைவையே காதில் தோற்றுவிப்பார். நிக்காஹ் வீடுகளில் நாகூர் ஹனீபாவின் பாடல்களை அவர் வாசிக்கையில், பந்தியில் அமர்ந்தோரும் கையை நிறுத்திக் கேட்பர். பெரிய மேடையோ ஒலிநாடாவோ அவருக்கு வாய்க்கவில்லை.

"விரலைப் பாராதீர் தம்பி, காதைக் கொடும்" என்பார். நானோ மறதிக்கு அஞ்சி, அவரே கட்டிய மெட்டுகளைச் சுரப்படுத்திக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவர் மறைந்தபின் ஏட்டைப் பிரித்து வாசித்தேன். சுரங்கள் யாவும் சரியே. அவர் தொட்டு மீண்ட இடங்கள் ஒன்றும் அதில் இல்லை. நினைவிலிருந்து இரண்டு மெட்டுகளை மீட்டெடுத்துள்ளேன். மூன்றாவது பல்லவிவரை வருகிறது; அதற்கப்பால் விரல் நின்றுவிடுகிறது.