நூலகத்தில் முழங்கிய டிரம்ஸ்

கடல் கடந்த மடல் – லாஸ் ஏஞ்சலஸிலிருந்து



நான் வாழும் இந்த லாஸ் ஏஞ்சலஸில் நகர நூலகத்துக்கு 70-க்கும் மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சைப்ரஸ் பார்க் கிளை. 2021 மே மாதம் அங்கே புத்தக அலமாரிகளுக்கு முன்னால் நான்கு சிறுமிகள் கிதாரும் டிரம்ஸுமாக நின்று முழங்கினார்கள். ஆசிய அமெரிக்கர் மரபு மாதத்தை ஒட்டி இளையோருக்காக நூலகம் நடத்திய நிகழ்ச்சி அது. குழுவின் பெயர் 'தி லிண்டா லிண்டாஸ்'.

டிரம்ஸ் வாசித்த மிலா டி லா கார்சாவுக்கு அப்போது 10 வயது. அவளுடைய அக்கா லூசியா, உறவுமுறைச் சகோதரி எலோயிஸ் வாங், குடும்ப நண்பரின் மகள் பேலா சலசார் மூவரும் பதின்ம வயதினர். சீன, லத்தீன் அமெரிக்க வேர்கள் கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள்.

கொரோனா ஊரடங்குக்குச் சற்று முன்பு வகுப்பில் ஒரு பையன் மிலாவிடம், சீனர்களிடமிருந்து விலகியிருக்கும்படி தன் அப்பா சொன்னதாகச் சொன்னான். நானும் சீன வம்சாவளிதான் என்று அவள் சொன்னதும் பின்வாங்கினான். அந்தக் காயத்தை மிலாவும் எலோயிஸும் சேர்ந்து 'ரேசிஸ்ட், செக்ஸிஸ்ட் பாய்' என்ற பாட்டாக்கினார்கள். ஆசிய முகம் கொண்டவர்கள் தெருவில் தாக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. நூலகம் வெளியிட்ட காணொளி சில நாள்களில் உலகம் முழுவதும் பரவியது. மே மாதம் முடிவதற்குள் எபிடாஃப் ரெக்கார்ட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது. 1994-இல் ஆஃப்ஸ்ப்ரிங் குழுவின் 'ஸ்மாஷ்' ஆல்பத்தை வெளியிட்ட, பங்க் ராக் இசை உலகம் நன்கறிந்த இசைத்தட்டு நிறுவனம் அது.

2022 ஏப்ரல் 8 அன்று முதல் ஆல்பம் 'குரோயிங் அப்' வெளிவந்தது. பத்துப் பாடல்கள், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விமர்சகர்கள் மனம் திறந்து வரவேற்றார்கள். 2023-இல் பாரமோர் குழுவின் சுற்றுப்பயணத்திலும், 2024-இல் கிரீன் டே குழுவின் ஸ்டேடியம் நிகழ்ச்சிகளிலும் மேடையேறினார்கள்.

ஒரு காணொளி தந்த அதிர்ஷ்டம் என்று பலர் இதைச் சொல்லக் கேட்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வெற்றியை ஓர் ஊர் பல ஆண்டுகளாக வளர்த்தெடுத்தது.

1970-களின் இறுதியில் இந்நகரின் சைனாடவுனில் மேடம் வாங்ஸ், ஹாங்காங் கஃபே என்ற இரண்டு உணவகங்களில் பங்க் குழுக்கள் வாசித்தன. அந்தக் காலத்து பங்க் கூட்டத்திலிருந்து புறப்பட்ட பெண்கள் குழுதான் கோ-கோஸ். அவர்களின் முதல் ஆல்பம் 1982-இல் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. தாமே எழுதித் தாமே வாசித்த பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல்முறை. பல ஆண்டுகள் கழித்து, அதே சைனாடவுனின் காஸ்டெலார் தொடக்கப் பள்ளியில் இசை வகுப்புக்குப் பணம் தேவைப்பட்டபோது, எலோயிஸின் பெற்றோர் பங்க் இசைக்குழுக்களை அழைத்து நிதி திரட்டும் கச்சேரிகள் நடத்தினார்கள். பகல் நேரக் கச்சேரிகள் என்பதால் பிள்ளைகளும் வந்தார்கள். இந்தச் சிறுமிகள் முதலில் அங்கே கேட்டார்கள், பிறகு அங்கேயே வாசித்தார்கள். 2019-இல் பிகினி கில் என்ற பங்க் குழுவின் கச்சேரிக்கு முன்னால் வாசிக்கும் வாய்ப்பும் வந்தது. நூலகத்துக்கு வந்தபோது அவர்கள் மேடைக்குப் புதியவர்கள் அல்ல.

ஆல்பத்தைத் தயாரித்தவர் மிலா, லூசியாவின் தந்தை கார்லோஸ் டி லா கார்சா. பாரமோர், பேட் ரிலிஜன் போன்ற குழுக்களோடு பணியாற்றியவர். வீட்டிலேயே இப்படி ஒருவர் இருப்பது பெரிய வசதிதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வாய்க்காது. அதனால்தான் பொது நூலகமும் பள்ளி இசை வகுப்பும் இன்னும் முக்கியமாகின்றன. வீட்டில் இல்லாததை ஊர்தான் தர வேண்டும்.

நான் இந்த ஆல்பத்தை விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதில் பிள்ளைகள் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள். பேலா தன் பூனை நினோவைப் பற்றிப் பாடுகிறாள். இன்னொரு பாட்டை ஸ்பானிய மொழியில் பாடுகிறாள். 'டாக்கிங் டு மைசெல்ஃப்' என்ற பாட்டில், தனித்திருக்கும் மனம் தன்னோடு தானே பேசுகிறது. கடைசிப் பாட்டாக அந்த நூலகக் கோபம் வருகிறது. பூனையின் மேல் வைத்த பாசத்துக்கும் இனவெறி மேல் வந்த கோபத்துக்கும் ஒரே வேகம், ஒரே உண்மை. பாப் பங்க் இசைக்கு நீண்ட ஆலாபனை கிடையாது. சில கார்டுகள், விரைந்த தாளம், உடனே வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு. மனதில் இருப்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல நினைக்கும் வயதுக்கு அது மிகப் பொருந்துகிறது. வயதுக்கு மீறிய சோகத்தையோ ஒப்பனையையோ பெரியவர்கள் யாரும் அவர்கள்மேல் ஏற்றவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன்.

இங்குள்ள நம் தமிழ்ப் பிள்ளைகளும் இசை கற்கிறார்கள். கீர்த்தனைகளைப் பிழையின்றிப் பாடுகிறார்கள். கேட்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் பள்ளியில் ஒருவன் அவர்களின் நிறத்தையோ பெயரையோ கேலி செய்தால் அது எங்கே பாட்டாகும்? குருவிடம் கற்றதை அரங்கேற்ற இடம் இருக்கிறது. தாமே எழுதியதைப் பாட இடம் மிகக் குறைவு.

தமிழ்ச் சங்கங்களை நடத்தும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆண்டு விழாவில் பிள்ளைகள் சொந்தமாக எழுதிய பாட்டுக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். எந்த மொழியிலும் இருக்கட்டும், கிதாரோ மிருதங்கமோ எதுவும் இருக்கட்டும். தாளம் பிசகினால் பிசகட்டும். பரிசும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேளுங்கள். அடுத்த விழாவுக்கு அந்தப் பிள்ளைகள் இன்னொரு பாட்டோடு வருவார்கள்.

அன்புடன்,
உங்கள் கடல் கடந்த தோழி