பக்தியும் சினமும்

திருவையாற்றில் காவிரிக் கரையோரம், தியாகராசர் சமாதியை நேர்நோக்கி ஒரு பெண்ணின் சிலை அமர்ந்திருக்கிறது. ஆராதனைக்கு வருவோர் அடக்கமான பக்தையென்று எண்ணி வணங்கிச் செல்கின்றனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் பக்தையே. ஆயினும் அவரது சினத்தை மறைத்துப் பக்தியை மட்டும் பேசுவது பாதி வரலாறென்றே எமக்குத் தோன்றுகிறது.

தஞ்சை மன்னர் பிரதாபசிம்மரின் (1739–1763) அவையில் விளங்கிய தேவதாசி முத்துப்பழனி, இராதையின் காதலையும் ஊடலையும் கூசாமல் தெலுங்கில் பாடினார். 'இராதிகா சாந்தவனம்' என்னும் அந்நூலைப் பெண்ணின் வாயினின்று வரத்தகாதது என்று இகழ்ந்தவர் வேறெவருமல்லர். பெண்கல்விக்கும் விதவை மறுமணத்திற்கும் பாடுபட்ட வீரேசலிங்கம் பந்துலு! நாகரத்தினம்மாள் கொதித்தெழுந்தார். முந்தைய பதிப்பில் நீக்கப்பெற்ற பாடல்களையும் சேர்த்து 1910-இல் நூலை வெளியிட்டார். நாணம் பெண்ணுக்கு மட்டுந்தானா, ஆண் புலவர்க்கு இல்லையா என்று முன்னுரையில் வினவினார். ஆங்கில அரசு ஆபாசமென்று நூலைத் தடைசெய்தது. 1947-இல் தடை நீங்கிற்று. வினாவுக்கு விடைதான் இன்னும் வந்தபாடில்லை.

திருவையாற்றிலும் அதே கதை. தம் பொருளைச் செலவிட்டு அவர் எழுப்பிய சமாதிக் கோயிலுக்கு 1925-இல் குடமுழுக்கு நடந்தது. ஆயினும் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. அவர் மன்றாடி நிற்கவில்லை. 1927-இல் பெண்களைத் திரட்டி, சமாதியின் பின்புறமே தனியாக இசைவிழா நடத்தினார். 'பொம்பளைக் கட்சி' என்று பெயரிட்டனர் ஊரார். நாற்பதுகளின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றாயின. 1952-இல் அவர் மறைந்தார். இன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஆண்களும் பெண்களும் ஒரே பந்தலில் அமர்ந்து பாடுகின்றனர்.